காலி நாற்காலியை அளந்தவள்

முதல் பஸ்ஸிலேயே சொல்லிவிடுவது என்றுதான் மகள் கிளம்பினாள். முதல் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டாவது பஸ்ஸிலும் ஏறியாகிவிட்டது. இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. அதற்குள் தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, கண்ணாடிக் கூடு, ஒரு ஸ்டீல் ஸ்கேல். ஸ்கேல் அப்பாவுடையது. அதன் முனை ஜிப்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“இதை எதுக்கும்மா தூக்கிட்டு வர்ற?”

“அவரு இருந்தா எடுத்துட்டுத்தானே வருவாரு? மியூசியத்துல வாசப்படி கோணலா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் உள்ளயே போவாரு. சொந்தக் கல்யாணத்துக்கே பாக்கெட்டுல வச்சுக்கிட்டு வந்த ஆளு. போட்டோவுல பாரு, தெரியும்.”

அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. மியூசியத்தில் கண்காட்சி ஆரம்பித்து நாலு வாரம். இந்தப் பக்கத்து வடிவமைப்பாளர்கள் வரைந்த சாமான்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பதாக அழைப்பு வந்தது. கூடவே ஒரு சின்னப் புத்தகம். பதினாலாம் பக்கத்தில் அப்பா செய்த நாற்காலியின் படம். அம்மா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். முதல் ஞாயிறு போகலாமா என்று கேட்டாள். லேபில் ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றாள் மகள். இரண்டாவது ஞாயிறு, தலைவலி. மூன்றாவது ஞாயிறு, மழை. மழை என்னவோ உண்மைதான். ஆனால் பஸ் நிற்கிற அளவு மழை இல்லை. இது நாலாவது ஞாயிறு. கடைசி நாள். சாக்கு தீர்ந்துவிட்டது.

பஸ் நிலையத்தில் இறங்கும்போது அம்மா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் சரியாக மடங்காது. கம்பியைப் பிடிக்கவும் மாட்டாள்.

“கம்பி இருக்குல்ல, அதைப் பிடியேன். என்னையும் சேர்த்துத் தள்ளிடுவ.”

“நீ இருக்கும்போது கம்பி எதுக்குடி?”

அந்த வார்த்தையும் மகளுக்குக் குத்தியது. இந்த ஐந்து மாதமாக எது வேண்டுமானாலும் குத்துகிறது.

*

அப்பாவுக்கு ஃபேக்டரியில் மாதிரிக்காரர் என்று பெயர். டிசைனர் காகிதத்தில் வரைவார். அதைப் பார்த்து மெஷின் ஐநூறு நாற்காலி செய்யும் முன்னால், முதல் ஒன்றை யாராவது கையால் செய்து பார்க்க வேண்டும். முப்பத்தோரு வருடம் அந்த யாராவது அப்பாதான். கால் எவ்வளவு சாய வேண்டும், மூட்டு எங்கே தாங்கும், முதுகு எங்கே படும் என்பதெல்லாம் அவர் கையில் முடிவாகும். மாதிரி சரியென்று ஆனதும் மெஷின்காரர்கள் அதைப் பார்த்துச் செய்வார்கள். ஊரெல்லாம் உட்கார்ந்தது மெஷின் செய்ததில். அப்பா செய்த முதல் ஒன்று அளவெடுத்து அளவெடுத்துக் கீறல் விழுந்து, ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை. “முதல்ல நான் செஞ்சேன், அது போதும்” என்பார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. காலி நாற்காலியை அளக்க மாட்டார். உயரமோ, சாய்வோ, கைப்பிடியோ, ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டுத்தான் ஸ்கேலை எடுப்பார். “ஆள் உட்காராத வரைக்கும் அது வெறும் கட்டை. கட்டையை அளந்து என்ன பண்றது?” வேலைக்குச் சேர்ந்த புதிதில், உட்கார ஆள் தேடிப் பக்கத்துப் பின்னல் பிரிவுக்குப் போனார். அங்கே இருபது பெண்கள் குனிந்த தலை நிமிராமல் நாற்காலிகளுக்குக் கயிறு பின்னிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒருத்தியைப் பார்த்து, “கொஞ்சம் வந்து உட்காருங்களேன்” என்றார். அந்த ஒருத்திதான் அம்மா.

“வேலை நேரத்துல எழுந்திரு, நில்லு, ஓடுன்னு சொன்னவங்கதான் எல்லாரும். உட்காருன்னு சொன்ன முதல் ஆளு இவருதான். விடுவேனா? கட்டிக்கிட்டேன்” என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். முப்பது வருடம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அதற்குப் பிறகு எந்த மாதிரி செய்தாலும் முதலில் உட்காருவது அம்மாதான். அப்பா பக்கத்தில் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஸ்கேலை நிறுத்திப் பார்ப்பார். “மூச்சை விடு. இப்ப சாஞ்சுக்கோ. சரி, இப்ப யாரையாவது மனசுல திட்டு.” கோபமாக உட்காருகிறவர்கள் வேறு மாதிரி உட்காருவார்களாம். “யாரைத் திட்டறது?” என்று அம்மா கேட்பாள். “வேற யாரு, நான்தான் இருக்கேனே” என்பார்.

மகள் மெக்கானிக்கல் படித்தாள். மரச்சாமான் சோதனை செய்யும் லேபில் வேலை. நாற்காலி, கட்டில், பள்ளிக்கூட டெஸ்க் எதுவானாலும் அங்கே கொண்டுவந்து தருவார்கள். அவள் அதை மெஷினில் கட்டி, தள்ளி, அழுத்தி, எத்தனை தடவையில் உடைகிறது என்று பார்த்து எழுதித் தருவாள். அப்பாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்வார்: “நான் செய்வேன். எம்பொண்ணு உடைப்பா.”

அதையே அவள் ஒரு நாள் செய்தாள்.

*

ஆறு வருடத்துக்கு முன்னால் நூலகங்களுக்கென்று ஒரு நாற்காலி. டிசைனர் வரைந்தார், அப்பா கட்டையை இழைத்தார், அம்மா கயிற்று இருக்கை பின்னினாள். இரண்டு மாதிரிகள். ஒன்று டிசைனரிடம் இருந்தது. இன்னொன்று மகளின் லேபுக்கு வந்தது.

“உங்கப்பா செஞ்சதுதானே? நான் பார்த்துக்கறேன்” என்றார் கூட வேலை பார்ப்பவர்.

“ஏன், எனக்குக் கை நடுங்கும்னு நினைக்கிறீங்களா?” என்றாள் அவள்.

அந்த வீம்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அப்பாவின் நாற்காலி என்று மகள் பார்த்தும் பாராமல் பாஸ் போட்டாள் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது. சோதனை முடியும்வரை வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சுப் பேசவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

முதுகுச் சோதனைக்கு ஒரு முறை உண்டு. இருக்கையில் ஒரு எடைத் தட்டை வைக்க வேண்டும்; ஆள் உட்கார்ந்த மாதிரி இருக்கை இறங்கும். அப்படி இறங்கிய இடத்திலிருந்து முந்நூறு மில்லிமீட்டர் மேலே அளந்து, அந்தப் புள்ளியில் மெஷின் தள்ள வேண்டும். இருபத்தைந்தாயிரம் தடவை. அந்த வாரம் எடைத் தட்டு சரிபார்ப்புக்காக வெளியே போயிருந்தது. இரண்டு நாளில் வந்துவிடும். ஆனால் இரண்டு நாள் காத்திருந்தால், அப்பாவின் நாற்காலிக்காகத் தாமதம் செய்கிறாள் என்று பேச்சு வருமே? பலகை இருக்கைக்குத் தட்டு இல்லாமலேகூட அளப்பார்கள். பலகை இறங்காது, வித்தியாசமும் வராது. அந்தப் பழக்கத்தில் டேப்பை எடுத்தாள். காலி இருக்கையிலிருந்து அளந்தாள். முந்நூறு. புள்ளி வைத்தாள்.

கயிறு இறங்கும். அது அவளுக்குத் தெரியாததா? பின்னியவள் வீட்டில் இருக்கிறாள். காலி நாற்காலியை அளக்காதே என்கிற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள். ஆனாலும் அளந்தாள்.

பத்தொன்பதாயிரத்துச் சொச்சத்தில், இடது பின்கால் இருக்கைச் சட்டத்தோடு சேரும் மூட்டு பிளந்தது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். ஃபேக்டரி அந்த நாற்காலியைக் கைவிட்டது.

அப்பா உடைந்த மூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சமையலறை மேசையில் வைத்து நெடுக்கில் அறுத்துப் பார்த்தார். மர ரேகையைப் பார்த்தார், பசையைப் பார்த்தார், விளக்கைக் கிட்டே இழுத்து மறுபடி பார்த்தார். குறை எதுவும் கண்ணில் படவில்லை. கடைசியில், “அப்ப கைதான் தப்பு” என்றார். குப்பைக்கூடையில் போட்டார்.

நாலு மாதம் கழித்து இன்னொரு கயிற்று இருக்கை லேபுக்கு வந்தது. இந்தத் தடவை எடைத் தட்டு இருந்தது. அவள் தட்டை வைத்தாள். இருக்கை மெதுவாக இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் மெஷினைப் போடாமல் எழுந்தாள். போய்ப் பழைய குறிப்பை எடுத்தாள். அவள் கையெழுத்திலேயே இருந்தது: இருக்கை உயரம், எடையின்றி.

அந்த ஞாயிறு சொல்லிவிடுவது என்று வீட்டுக்குப் போனாள். அப்பா அவளைப் பார்த்ததும் சொன்னார்: “நல்ல வேளை அது உங்கிட்ட வந்துச்சும்மா. வேற எவனாவது பாசம் பார்த்து விட்டிருந்தா, எங்கேயாவது ஒரு புள்ள விழுந்து அடிபட்டிருக்கும். உன்னால அந்தப் பாவம் எனக்கு இல்லாம போச்சு.”

அதற்கு மேல் எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் என்று நினைத்தாள். ஐந்து வருடம் மூன்று மாதம் அடுத்த வாரமாகவே போயிற்று. கடைசியில் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். மதியம் ஒன்றிலிருந்து நாலுவரை அவளும் அவரும் மட்டும்தான். ஃபேன் ஒழுங்காகச் சுற்றவில்லை என்று பேசினார்கள். கட்டிலின் சக்கரம் பற்றிப் பேசினார்கள். பதினொரு மதியங்களிலும் அந்த ஒன்றை மட்டும் பேசவில்லை.

*

மியூசியத்தின் வாசற்படி நேராகத்தான் இருந்தது. அம்மா ஸ்கேலை எடுக்காமலே ஒப்புக்கொண்டாள்.

முதல் அறையில் விளக்குகள். இரண்டாவது அறையில் துணிகள், ஒரு கெட்டில், பஸ் நிறுத்தத்துக்கு வரைந்த பலகை. அம்மா எல்லாவற்றையும் சந்தைக்கு வந்தவள்போலப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இந்தக் கெட்டிலோட கைப்பிடியைப் பாரு. ஊத்தினா கையில ஆவி அடிக்கும். இதை வரைஞ்சவன் வீட்டுல தண்ணி காய்ச்சறது வேற யாரோ.”

“மெதுவா பேசும்மா. வரைஞ்சவர் இங்கயே இருக்கப் போறாரு.”

“இருக்கட்டும். வந்து ஊத்திக் காட்டட்டும்.”

மூன்றாவது அறையில் நாற்காலிகள். வெள்ளை மேடைமேல் ஒன்பது. முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கயிற்றுத் தடுப்பு. ஓரத்தில் காவல்காரப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

அம்மாவுக்கு அது கண்ணில் படாமல் இருக்குமா? “உட்கார இடமில்லையாம்மா உனக்கு?”

“இத்தனை நாற்காலிக்கு நடுவுல நாள் பூரா நிக்கிறேன்மா. என் தலையெழுத்தைப் பாருங்க. தொட்டாலே வேலை போயிடும்.”

“தோ, அந்தக் கடைசி நாற்காலி இருக்கே, அதுல கயிறு நான் போட்டது. கட்டை எங்க வீட்டுக்காரர் செஞ்சது.”

காவல்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். மேடைக்குக் கீழே இருந்த அட்டையைக் குனிந்து படித்தாள். “உங்க பேரு இல்லையே இதுல. அவரு பேரும் இல்ல.”

மகளும் படித்தாள். டிசைனர் பெயர், ஃபேக்டரி பெயர். கீழே: ‘நூலக நாற்காலி. மரம், கயிறு. இரண்டு மாதிரிகளில் எஞ்சியது. வலிமைச் சோதனையில் மூட்டு முறிந்ததால் உற்பத்திக்குப் போகவில்லை.’

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். மூட்டு என்கிற இடத்தில் அவள் பார்வை கொஞ்ச நேரம் நின்றது.

“பேரு போடாதது நல்லதாப் போச்சு” என்றாள்.

அப்புறம் காவல்காரப் பெண்ணிடம் திரும்பினாள். அறிமுகமே இல்லாதவர்களிடம் மனசைத் திறப்பது அம்மாவுக்குச் சுலபம். “அவரு செஞ்ச ஒவ்வொரு நாற்காலியிலயும் முதல்ல நான்தான்மா உட்காருவேன். நான் உட்காராம அளக்கவே மாட்டாரு. இது ஒண்ணு உடைஞ்சுது பாரு, அதோட சரி. அதுக்கப்புறம் என்னை உட்கார விடல. தானே உட்கார்ந்து பார்த்துக்குவாரு, கை எட்டாம கோணிக்கிட்டு அளப்பாரு. ஏன்யான்னு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. நான் குண்டாயிட்டேன், அதான் பிடிக்கலன்னு நினைச்சேன். ரெண்டு மாசம் பேசாமகூட இருந்தேன். பிறகுதான் ஒரு நாள் சொன்னாரு. என் கை சரியில்ல, உடைஞ்சா நீ விழுந்துடுவேன்னு.”

“ஐயோ பாவம்” என்றாள் காவல்காரப் பெண்.

மகளுக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது சமையலறை மேசையும் அறுத்த மூட்டும்தான். அம்மாவிடமிருந்தும் ஒன்றை எடுத்துவிட்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிகிறது.  அட்டையின் கடைசி வரியை மறுபடி படித்தாள்.

அந்த நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நடுவில் டிசைனர். கடைசி நாளென்று பார்வையாளர்களுக்குத் தானே சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் கூட்டத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

“அண்ணி! வரமாட்டீங்கன்னே நினைச்சேன்.”

“வராம இருப்பேனா தம்பி? இவளுக்குத்தான் நாலு வாரமா நேரமில்ல.”

டிசைனர் கூட்டத்தைக் கிட்டே கூப்பிட்டார். “இவங்க வீட்டுக்காரர்தான் இந்த நாற்காலியைச் செஞ்சவரு. நான் வெறுமனே கோடு போட்டவன். அண்ணன் மாதிரி ஒரு கையை நான் பார்த்ததில்ல.” நல்ல மனுஷர். பொய்யாகச் சொல்லவில்லை. “ஒரே ஒரு மூட்டுல மட்டும் எப்படியோ கோட்டை விட்டுட்டாரு. எல்லாருக்கும் ஒரு நாள் வரும் இல்லையா? அது அண்ணனுக்கு இந்த நாற்காலியில வந்துடுச்சு.”

கூட்டத்தில் சிலர் பரிவோடு தலையசைத்தார்கள். அம்மா தலை குனிந்தாள். ஸ்கேலின் முனையை விரலால் பைக்குள் தள்ளினாள். அது மறுபடி வெளியே வந்தது. “போலாம்டி” என்றாள்.

“கோட்டை விட்டது அவரு இல்ல” என்றாள் மகள்.

சத்தமாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. எல்லாரும் திரும்பினார்கள்.

“சோதனை பண்ணினது நான். தப்பா பண்ணினேன். காலி இருக்கையிலேருந்து அளந்துட்டேன். எடை வச்சு, கயிறு இறங்கினப்புறம் அளந்திருக்கணும். மெஷின் தள்ள வேண்டிய இடத்துக்கு மேல தள்ளிச்சு. மூட்டுக்கு வரக்கூடாத பளு வந்துச்சு.”

டிசைனருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் மாறியது. “அப்ப அது பாஸ் ஆகியிருக்குமா?”

“தெரியாது. பாஸ் ஆகியிருக்கும்னு சொல்ல மாட்டேன். நான் செஞ்ச சோதனை செல்லாது. அதை மட்டும்தான் சொல்ல முடியும்.”

“நான் உருப்படியா வரைஞ்ச நாற்காலி இது ஒண்ணுதாங்க” என்றார் அவர். இத்தனை வருடப் பழக்கத்தில் அவளை அவர் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. “எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?”

பதில் நாக்கின் நுனியில் இருந்தது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சமீபத்துல” என்றாள் மகள்.

பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை மறுபடியும் உள்ளே தள்ளிவிட்டாள்.

“எவ்வளவு வித்தியாசம் வரும்?” என்று டிசைனர் கேட்டார்.

“உட்கார்ந்து அளந்தாத்தான் தெரியும்.”

டிசைனர் கொஞ்ச நேரம் நாற்காலியைப் பார்த்தார். பிறகு குனிந்து தடுப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றினார். காவல்காரப் பெண் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். “சார், சார், என்ன பண்றீங்க? எனக்குத்தான் திட்டு விழும்!”

“நாற்காலி என்னோடது. நாளைக்கு என் வீட்டுக்குத் திரும்பி வரப்போகுது. ஒரு நாள் முன்னாடி வந்ததா வச்சுக்குங்க.” மகளைப் பார்த்தார். “உட்காருங்க. அளப்போம்.”

“அவ எதுக்கு? தள்ளுங்க” என்றாள் அம்மா.

கைப்பையை மகளிடம் கொடுத்தாள். டிசைனர் கையைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள். சேலையைச் சரிசெய்துகொண்டு நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஒரு கணம் தயங்கினாள், பயமாகத்தான் இருந்திருக்கும். பிறகு உட்கார்ந்தாள். கயிறு முனகிக்கொண்டே இறங்கியது. மூட்டு ஒரு சத்தமும் போடவில்லை.

மகள் முழங்காலிட்டாள். அப்பாவின் ஸ்கேலை இருக்கைச் சட்டத்தின் மேல் விளிம்போடு நிறுத்தினாள். ஒரு கண்ணை மூடினாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவளுக்கே தெரியாது; கண் தானாக மூடிக்கொண்டது.

“மூச்சை விடும்மா.”

அம்மா மூச்சை விட்டாள்.

“முப்பத்தெட்டு மில்லிமீட்டர்” என்றாள் மகள். கூட்டத்துக்குச் சொல்வதுபோல, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். “மூட்டுக்கு மேல இருநூத்தி அறுபத்திரண்டுல தள்ள வேண்டியது, முந்நூறுல தள்ளிச்சு. ஏழுல ஒரு பங்கு கூடுதல் பளு.”

“மூணு விரல் இறங்கற மாதிரித்தான் பின்னினேன். அவரும் அதைக் கணக்குல வச்சுத்தான் மூட்டுப் போட்டாரு” என்றாள் அம்மா. “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

அவள் உடனே எழுந்திருக்கவில்லை. முதுகைச் சாய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மனசுக்குள் யாரையோ திட்டுகிறாள் என்று மகளுக்குத் தெரிந்தது. இந்தத் தடவை அது அப்பா இல்லை என்பதும் தெரிந்தது.

*

திரும்பும் பஸ்ஸில் வெயில் அம்மாவின் பக்கம் அடித்தது. டிசைனர் வாசல்வரை வந்து அனுப்பினார். எழுத்தில் கொடுங்கள், புத்தகத்தை அடுத்த தடவை அச்சடிக்கும்போது திருத்தச் சொல்கிறேன், அண்ணன் பெயரும் அண்ணி பெயரும் போடச் சொல்கிறேன் என்றார். மகளிடம் தனியாக ஒன்றும் பேசவில்லை.

லேபில் திருத்த அறிக்கை என்று ஒரு படிவம் உண்டு. கையெழுத்தோடு சேர்த்து ஐந்து கட்டம். இப்போது அவள்தான் அந்தப் பிரிவுக்குத் தலைமை. மற்றவர்களை எத்தனையோ தடவை அதை நிரப்ப வைத்திருக்கிறாள். மனப்பாடமாகத் தெரியும். மியூசியத்தில் வாங்கிய கண்காட்சிப் புத்தகத்தின் பின்னட்டை வெறுமையாக இருந்தது. அதில் கட்டம் போட்டாள்.

என்ன பிழை: தள்ளும் புள்ளி, எடையற்ற இருக்கையிலிருந்து அளக்கப்பட்டது. வித்தியாசம் சுமார் 38 மி.மீ.

எப்படி நேர்ந்தது: எடைத் தட்டுக்காகக் காத்திருக்கவில்லை. அதை எழுதிவிட்டு யோசித்தாள். அடித்துவிட்டு எழுதினாள்: பாரபட்சம் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக அவசரப்பட்டேன்.

யாரைப் பாதித்தது: ஃபேக்டரி, டிசைனர், மாதிரி செய்தவர்.

பிழை கண்டறியப்பட்ட தேதி.

பேனா அங்கே நின்றுவிட்டது. இன்றைய தேதியைப் போடலாம். போன மாதம் என்று போடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. டிசைனர் நம்பிவிட்டார். அம்மாவும் நம்பிவிட்டாள். தவறு செய்தவளை எப்படியாவது மன்னித்துவிடுவார்கள். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவளை? இரண்டு நிறுத்தம் வந்து போயிற்று. ஒருவர் ஏறினார், மூன்று பேர் இறங்கினார்கள்.

அவள் தேதியை எழுதினாள். அவளுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை. கையெழுத்தும் போட்டு, புத்தகத்தை அம்மாவின் மடியில் வைத்தாள்.

அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். தேதிக்கு வந்ததும் விரலை வைத்தாள். உதடு அசைந்தது, வருடங்களை எண்ணுகிறாள்.

“இப்ப அங்க சமீபத்துலன்னு சொன்ன.”

“பொய்மா.”

“அப்ப உங்கப்பா நல்லா நடமாடிக்கிட்டுத்தானே இருந்தாரு?”

“ஆமா.”

“ஆஸ்பத்திரியிலயும் தெரியும் உனக்கு.”

“தெரியும்.”

“மதியம் நீதான் இருந்த.”

“ஆமாம்மா.”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயில் முகத்தில் அடித்தது; திரையை இழுக்கவில்லை. மகளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்வதற்கு இருந்ததையெல்லாம் படிவத்தில் எழுதிவிட்டாள். மன்னித்துவிடு என்பதற்கு அதில் கட்டம் இல்லை. அதைக் கேட்க வேண்டிய ஆளும் இல்லை.

வெகுநேரம் கழித்து அம்மா திரும்பாமலே கையை நீட்டினாள். “பேனா.”

கொடுத்தாள். அம்மா புத்தகத்தைக் கைப்பையின்மேல் வைத்து, பஸ் குலுங்கக் குலுங்க, ‘யாரைப் பாதித்தது’ என்கிற கட்டத்தில் எழுதினாள். கோணல்மாணலான எழுத்து. மாதிரி செய்தவர் என்பதற்குக் கீழே: உட்கார்ந்து பார்த்தவள்.

“நல்ல பேப்பர்ல எழுதும்போது இதையும் சேர்த்து எழுது” என்றாள். “நாளைக்கே எழுது. அடுத்த வாரம்னு வைக்காத.”

“சரிம்மா.”

“இது எங்கிட்டயே இருக்கட்டும்.”

புத்தகத்தை மடித்துக் கைப்பைக்குள், ஸ்கேலுக்குப் பக்கத்தில் செருகினாள். ஜிப்பை இழுத்தாள். இந்தத் தடவையும் மூடவில்லை.

அவர்கள் நிறுத்தம் வந்தது. மகள் முதலில் எழுந்து, வழக்கம்போலப் படியில் ஒரு காலை வைத்துத் தோளைக் கொடுத்து நின்றாள். அம்மா தோளைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிக் கம்பியைப் பிடித்தாள். ஒவ்வொரு படியாக, முழங்காலை மெதுவாக மடக்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். மகள் ஒதுங்கி வழிவிட்டாள்.

பஸ் போன பிறகு பார்த்தால், அம்மா நாலடி நடந்து நின்றிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நின்றுகொண்டிருந்தாள். மகள் வந்து சேரும்வரை நின்றுவிட்டு, பிறகு நடந்தாள்.